தோட்டத்துக் குழாயை மாற்றுவது: ஒரு முறை சுவரை உடைத்தவள் சொல்வது

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு குழாய் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விட, வாளி கழுவ, சேறு ஒட்டிய காலை அலம்ப என எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இதுவரை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். முதல் தடவை சுவரை உடைக்க வேண்டி வந்தது. இரண்டாம் தடவை அரை நாள் ஓடிப்போயிற்று. போன மாதம் மூன்றாவது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது, அதிலும் பாதி நேரம் தண்ணீர் வடியட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்ததுதான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பேச்சில் சுவருக்குள் ஓடுவதும் குழாய், வெளியே திருகித் தண்ணீர் பிடிப்பதும் குழாய். இங்கே வெளியே இருப்பதைக் குழாய் என்றும் உள்ளே இருப்பதைப் பைப் என்றும் சொல்கிறேன். இந்த வேலையில் கைபோவது குழாயில், கண் இருக்க வேண்டியது பைப்பில். குழாய் உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் எல்போ, அதாவது குழாய் வந்து சேரும் பைப்பின் வளைவு மூட்டு, உடைந்தால் உளியும் சுத்தியலும் சிமென்டும் வேண்டும்.

சொட்டுகிறது என்றதுமே மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். நன்றாக மூடிய பிறகும் வாய் வழியே சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். பல சுற்றுத் திருகும் பழைய வகைக் குழாய் என்றால், தண்ணீரை அடைத்துவிட்டுத் தலையைக் கழற்றி வாஷரை மட்டும் மாற்றினால் போதும். திறக்கும்போது கைப்பிடிக்கு அடியில் கசிந்தால், அங்கே இருக்கும் நட்டை ஸ்பேனரால் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். பாதிக் கசிவு அதிலேயே நின்றுவிடும். உடம்பில் விரிசல், கைப்பிடி வழுக்கிச் சுற்றுவது, மரை (திருகு வரி) அரித்துப்போனது, அல்லது சுவரோடு சேரும் இடத்தில் கசிவது, இவை இருந்தால்தான் கழற்றும் வேலை. கடைசியாகச் சொன்னதில் குழாய் நன்றாகவேகூட இருக்கலாம். கழற்றி, மரையில் புது டெஃப்லான் டேப் (கசிவை அடைக்கும் மெல்லிய வெள்ளை நாடா) சுற்றி, அதையே மாட்டலாம்.

முதல் தடவை மாற்றும்போது என்னுடையது பிளாஸ்டிக் குழாய். நாள் முழுக்க வெயில் படும் சுவர். வெயிலில் பிளாஸ்டிக் முதலில் நிறம் வெளுக்கும், பிறகு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஒருநாள் ஹோஸை இழுத்தபோது மூக்கு மட்டும் ஹோஸோடு கையில் வந்துவிட்டது.

அப்போது செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய குழாய் அசையவில்லை. ரிஞ்ச் பிடியில் ஒரு இரும்புக் குழலைச் செருகி நீளமாக்கி, உடம்பு எடையைப் போட்டு அழுத்தினேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு வெண்ணெய் மாதிரி சுலபமாகச் சுற்றியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். புதுக் குழாயை மாட்டித் தண்ணீரும் விட்டேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பத்து நாள் கழித்து அந்தச் சுவரின் மறுபக்கம், அறைக்குள், பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. அன்று சத்தம் போட்டது எல்போ. அதில் மயிரிழை விரிசல். ஒரு அடி நீளத்துக்குச் சுவரைக் கொத்தி எல்போவை மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் முதல் வேலை ஆராய்ச்சி. சுவரை ஒட்டி இருக்கும் வட்டத் தகட்டை, அதாவது ஃபிளாஞ்சை, முன்னால் நகர்த்திவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பித்தளை மரை தெரிந்தால் நல்லது. அது முழுப் பித்தளை எல்போவாக இருக்கலாம், அல்லது பிளாஸ்டிக் எல்போவுக்குள் பித்தளை மரை பதித்ததாக இருக்கலாம். இரண்டாவது வகை ஓரளவுக்குத்தான் தாங்கும், மிகவும் முறுக்கினால் பித்தளை வளையம் தனியாகச் சுழன்றுவிடும். வெறும் பிளாஸ்டிக் மரை என்றால் இன்னும் மென்மையான கை வேண்டும். துருப்பிடித்த இரும்புப் பைப், தொட்டாலே செதில் செதிலாக உதிர்கிறது என்றால் வேலையை அங்கேயே நிறுத்திக்கொண்டு பிளம்பரைக் கூப்பிடுவேன். அந்தப் பைப்பில் மரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது கழற்றிய பிறகுதான் தெரியும். தெரியும்போது தண்ணீர் நின்றிருக்கும், கடை மூடியிருக்கும்.

சுவரை ஒட்டாமல் பைப் வெளியே ஓடி முனையில் குழாய் இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு கையால் பைப்பையோ எல்போவையோ இன்னொரு ரிஞ்ச்சில் பிடித்துக்கொண்டுதான் குழாயைத் திருக வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குப் பதிலாகப் பைப் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது வாங்குவது. இதிலும் ஒரு தடவை ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நானேதான். பழைய குழாயின் மரையை ஸ்கேலால் அளந்தேன், 21 மில்லிமீட்டர் காட்டியது. அரை இஞ்ச் என்றால் 12.7, முக்கால் இஞ்ச் என்றால் 19. அப்போது இது முக்காலுக்கும் மேல் என்று கணக்குப் போட்டு, கடையில் முக்கால் இஞ்ச் குழாய் கேட்டு வாங்கி வந்தேன். மாட்டப் பார்த்தால் ஓட்டையில் நுழையவே இல்லை. திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார்: “அக்கா, இது அரை இஞ்ச்தான். அந்தக் கணக்கு பைப்போட உள் ஓட்டைக்கு. மரை எப்பவும் அதைவிடப் பெருசாத்தான் இருக்கும்.” அரை இஞ்ச் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர், முக்கால் இஞ்ச்சுக்கு 26க்குக் கொஞ்சம் மேல். பெட்டியில் 15 மி.மீ. என்று போட்டிருந்தால் அதுவும் அரை இஞ்ச்தான். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் பழைய குழாயையே கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். தண்ணீர் அதுவரை நின்றிருக்கக் கூடாது என்றால், மரை போட்ட ஒரு மூடி (என்ட் பிளக்) முன்னாடியே வாங்கி வைத்துக்கொண்டு, கழற்றிய ஓட்டையை அதால் அடைத்துவிட்டுப் போகலாம். இரண்டாம் தடவை என் அரை நாள் போனது இந்த மூடி இல்லாததால்தான்.

வெளியே மாட்ட நான் பித்தளையைத்தான் சொல்வேன். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். ஹோஸ் மாட்டுவதானால் மூக்கு வளையம் வளையமாக வரி போட்டிருக்கும் குழாயைக் கேளுங்கள், அல்லது மூக்கு மரை உள்ளதாக வாங்கி அடாப்டர் போட்டுக்கொள்ளலாம். கால் சுற்றில் திறக்கும் வகையா, பல சுற்று வகையா? முன்னது வசதி, ஈரக் கையால்கூடத் தட்டி மூடலாம். ஆனால் பெரும்பாலும் அதன் உள்ளே வழவழப்பான இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டிருக்கும். மணல் புகுந்தால் கீறல் விழுந்து, கசிவு தொடங்கிவிடும். எங்கள் தண்ணீரில் மணல் வரும். அதனால் பல சுற்று வகையையே வாங்கினேன், வாஷர் தேய்ந்தால் நானே மாற்றிக்கொள்வேன். இன்னொன்று: மூக்குக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட்டைக் குழாயை மாட்டிவிட்டு வாளியை அடியில் வைத்தால் பாதித் தண்ணீர் சுவரில் விழும். அதற்கு ‘நீள உடம்பு’ குழாய் தனியாகவே கிடைக்கிறது. பைப் சுவருக்குள் மிகவும் ஆழமாக இருந்தால் நீளம் கூட்டும் மரைத்துண்டும் (எக்ஸ்டென்ஷன் நிப்பிள்) சேர்த்து வாங்க வேண்டும்.

கருவி அதிகம் இல்லை. வாய் அகலம் மாற்றக்கூடிய ஸ்பேனர் ஒன்று, பைப் ரிஞ்ச் ஒன்று, டெஃப்லான் டேப், பழைய பல் துலக்கும் பிரஷ், வாளி, துணி, டார்ச். ஃபிளாஞ்ச் பெயின்டோடு ஒட்டியிருந்தால் ஒரு கத்தி.

தண்ணீரை அடைப்பது. பின்புறத்துக்கென்று தனி வால்வு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வீட்டின் முதன்மை வால்வு, அல்லது தொட்டிக்கு அடியில் இருப்பது. வீடு முழுவதையும் அடைப்பதாக இருந்தால் வாட்டர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வை ஒரே மூச்சில் திருகாதீர்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து அசைத்து மூடுங்கள். அடைத்த பிறகு, மாற்றப்போகும் குழாயையும், வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் இன்னொரு குழாயையும் திறந்து விடுங்கள். மேலே ஏதாவது ஒரு குழாயும் திறந்திருந்தால் காற்று புகுந்து சீக்கிரம் வடியும். ஐந்து நிமிடம் கழித்தும் நூல் மாதிரித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அதற்கும் முன்னால் உள்ள வால்வை மூடுங்கள்.

இப்போது கழற்றலாம். ஃபிளாஞ்சைச் சுற்றிப் பெயின்ட், சிமென்ட் ஒட்டியிருந்தால் கத்தியால் கீறி விடுவியுங்கள். குழாயின் உடம்பில், மரைக்குப் பக்கத்தில், ஸ்பேனர் உட்காரத் தட்டையான இடம் இருக்கும். அங்கே பிடித்து இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகுங்கள். மூக்கைப் பிடித்து முறுக்கினால் உடம்பு கிழிந்து மரை மட்டும் உள்ளே நின்றுவிடும். அசையவில்லையா? முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரளவு அசையுங்கள், பிறகு கழற்றும் பக்கம். ஒட்டிப்போன இடம் பல தடவை இப்படித்தான் விடும். இரும்பும் பித்தளையும் துருவால் பிடித்துக்கொண்டிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் தெளித்துவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலை பாருங்கள். இங்கே எந்த அவசரமும் இல்லை. என் கணக்கு எளிது: ஒரு சாண் ஸ்பேனரை ஒரு கையால் அழுத்தி வராதது, குழல் மாட்டி இரண்டு கையால் அழுத்தினால் வரத்தான் வரும், ஆனால் கூடவே எல்போவும் வரும்.

முன்னே பின்னே அசைத்தும் மரைத்துண்டு உள்ளேயே முறிந்து நின்றுவிட்டால் பதற வேண்டாம். பிளாஸ்டிக் துண்டு என்றால், வெறும் ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டுத் துண்டின் உட்புறத்தில் இரண்டு இடங்களில் கோடு போடுவதுபோல் அறுங்கள். எல்போவின் மரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். பல் கொஞ்சம் பித்தளையில் உரசினாலே சத்தம் மாறும், கையில் கடினம் தெரியும். பிறகு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் துண்டு உள்பக்கமாக மடிந்துகொடுக்கும். மூக்குக் குறடால் இழுத்துவிடலாம். உலோகத் துண்டு என்றால் இதற்கென்றே முறிந்த மரை எடுக்கும் கருவி இருக்கிறது. உள்ளே செருகி இடப்பக்கம் திருகினால் கவ்விக்கொண்டு சுற்றும்.

கழற்றியதும் ஓட்டை காலியாக இருக்கும் அந்த நேரம் பொன்னானது. பழைய டேப் துணுக்கு, சணல் நார், துரு எல்லாவற்றையும் பிரஷால் தேய்த்து எடுங்கள். மரைப் பள்ளத்தில் சிக்கியதை ஊசியால் நோண்டலாம். பிறகு ஒருவரை வால்வுப் பக்கம் நிறுத்தி, வாளியை ஓட்டைக்கு எதிரே பிடித்துக்கொண்டு, இரண்டே நொடி தண்ணீரைத் திறந்து மூடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது என் மகன் வேலை. “அம்மா, திறக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் திறந்துவிடுவான், அதனால் அரை உடம்பு நனையத் தயாராகத்தான் நிற்பேன். வாளியில் விழுந்ததைப் பார்த்தால் இதை ஏன் சொல்கிறேன் என்று புரியும்: துருச் செதில், மணல், சிமென்ட் துகள். இது அத்தனையும் புதுக் குழாயின் வாஷருக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஓட்டையைத் துணியால் துடையுங்கள். புதுக் குழாயை டேப் இல்லாமல் வெறுமனே கையால் ஒரு தடவை திருகிப் பாருங்கள். நேராகப் போகிறதா, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணுங்கள். எனக்கு ஆறு. கழற்றிவிட்டு டேப்புக்கு வாருங்கள்.

டேப்பைப் பலர் கட்டுப்போடுவது மாதிரிச் சுற்றுகிறார்கள். திசைதான் முக்கியம். மரை முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்தால், டேப் கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். நான் செய்வது இப்படி: குழாயை இடது கையில், மரை வலப்பக்கம் நீட்டியிருக்கப் பிடிப்பேன். டேப் மரையின் மேல்பக்கமாக என்னைவிட்டு அப்பால் போய், அடியில் நுழைந்து என்பக்கம் திரும்பி வரும். தப்பான பக்கம் சுற்றினால், திருகத் திருக டேப் உரிந்து சுவரோரம் வெள்ளை மீசை மாதிரிச் சுருண்டு நிற்கும். முனையில் முதல் மரையை விட்டுவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் துணுக்கு பிய்ந்து தண்ணீரோடு போய்க் குழாய்க்குள் மாட்டும். லேசாக இழுத்தபடியே சுற்ற வேண்டும். மரையின் மேடு பள்ளம் டேப்புக்கு மேலாகத் தெரிகிற அளவுக்கு இழுவை போதும். முடித்ததும் கட்டைவிரலால் சுற்றித் தடவினால் பள்ளத்தில் படிந்துவிடும்.

எத்தனை சுற்று என்றால், டேப்பின் தடிமனையும் மரையின் தளர்வையும் பொறுத்தது. என்னிடம் இருந்த மெல்லிய டேப்புக்கு 12 சுற்று வந்தது. தடிமன் டேப் என்றால் இதில் பாதிகூடப் போதும். சரியாக இருக்கிறதா என்பதைத் திருகும்போது கை சொல்லும். வெறும் கையால் மூன்று நான்கு சுற்று போய், அதற்குமேல் ஸ்பேனர் கேட்க வேண்டும். ஆறு சுற்றும் கையாலேயே போய்விட்டால் டேப் பற்றவில்லை. ஒரு சுற்றிலேயே முரண்டு பிடித்தால் அதிகம், அல்லது மரை கோணலாக ஏறுகிறது. கோணலென்றால் உடனே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் எல்போவில் அது புது மரை வெட்டிக்கொண்டே போய்விடும். அதிகமாகச் சுற்றிய டேப் வேறொரு ஆபத்து: உள் மரையை உள்ளிருந்து ஆப்பு மாதிரி விரித்து எல்போவைப் பிளக்கும்.

ஃபிளாஞ்சைக் குழாயில் முன்னாடியே மாட்டிவிட்டீர்களா? முக்கால்வாசிப் பேர் மறப்பது இது. குழாயை இறுக்கிய பிறகு அது நுழையாது. போன மாதம்கூட நான் மறந்தேன், மறுபடி கழற்றி மறுபடி டேப்.

இறுக்கும்போது மூக்கு கடைசியில் தரையைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கேதான் கசிவு பிறக்கிறது. நல்ல இறுக்கம் வந்ததும் மூக்கு மூன்று மணிப் பக்கம் நிற்கும், ஆறு மணிக்குக் கொண்டுபோகக் கால் சுற்று பாக்கி. கை தாங்குமென்றால் மெல்ல முன்னே திருகலாம். ஆனால் ஆறு மணியைத் தாண்டிவிட்டதென்று பின்னால் திருப்பாதீர்கள். டேப் ஒரு தடவை நசுங்கி இடம் பிடித்த பிறகு பின்னே போனால் அந்த இடத்தில் வழி விட்டுவிடும். இன்னொரு முழுச் சுற்றுக்குக் கை தாங்காது என்று தோன்றினால் கழற்றி, டேப்பை உரித்து, இரண்டு சுற்று கூட்டியோ குறைத்தோ மறுபடி மாட்டுங்கள். எனக்கு இரண்டாவது முயற்சியில்தான் நேராக நின்றது. டேப்புக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

தண்ணீரைத் திறக்கும்போது புதுக் குழாய் திறந்தே இருக்கட்டும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். முதலில் காற்று புஸ் புஸ் என்று வரும், பிறகு எச்சில் துப்புவதுபோல் விட்டு விட்டுத் தண்ணீர், அப்புறம் சீரான ஓட்டம். ஒரு நிமிடம் ஓடவிட்டு மூடுங்கள். மூடினால்தான் மூட்டில் முழு அழுத்தம் ஏறும். திறந்திருக்கும் குழாயில் கசிவு தேடிப் பயனில்லை.

ஃபிளாஞ்சை இன்னும் சுவரோடு தள்ளாதீர்கள். மூட்டையும் சுவரையும் நன்றாகத் துடைத்துவிட்டு, டிஷ்யூ காகிதத்தை நாலாக மடித்து மூட்டுக்கு அடியில் செருகி வைத்துவிடுங்கள். கண்ணுக்கு ஈரம் தெரியாத கசிவும் காகிதத்தில் கறையாகத் தெரியும். நான் ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் எடுத்துப் பார்ப்பேன். அந்தப் பழைய விரிசலில் இந்தக் காகிதம் என்னைக் காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அதற்கு வேறு வழி: தண்ணீர் மீட்டர் இருந்தால், வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது.

காகிதம் காய்ந்திருந்தால் ஃபிளாஞ்சைத் தள்ளலாம். மழை நீர் சுவருக்குள் இறங்காமல் இருக்க ஓரத்தில் சிலிகான் பூசுவேன், ஆனால் மேலேயும் பக்கவாட்டிலும் மட்டும். அடியில் ஒரு விரல் அகலம் விட்டுவிடுவேன். நாளைக்கு மூட்டில் கசிந்தால் அந்த இடைவெளி வழியே வெளியே வந்து என் கண்ணில் படட்டும். சுற்றிலும் அடைத்தால் தண்ணீருக்குச் சுவரைத் தவிர வேறு வழி இருக்காது.

உறைபனி விழும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், பைப்பே வெடிக்கும். அங்கே வால்வு சுவரின் வெதுவெதுப்பான உள்பக்கம் இருக்கும்படி நீண்ட தண்டு வைத்த குழாய் விற்கிறார்கள். அதை வெளிப்பக்கம் லேசாகச் சரியும்படி மாட்ட வேண்டும், குளிருக்கு முன் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். ஹோஸ் மாட்டியே இருந்தால் தண்ணீர் வடியாமல் தண்டுக்குள் நின்று, எதைத் தவிர்க்க அந்தக் குழாயை வாங்கினீர்களோ அதுவே நடக்கும்.

ஹோஸ் விஷயத்தில் எல்லா ஊருக்கும் பொருந்துவது: அதன் நுனியை உரம் கரைத்த வாளிக்குள் மூழ்கவிட்டுப் போகாதீர்கள். பைப்பில் அழுத்தம் திடீரென்று குறைந்தால் வாளியில் இருப்பதைப் பின்னால் உறிஞ்சி வீட்டுத் தண்ணீரோடு கலந்துவிடும். மூக்கில் திருகி மாட்டும் சின்னத் தடுப்பு வால்வு கிடைக்கிறது, மரை வைத்த மூக்கென்றால் போட்டுவிடுங்கள்.

கழற்றிய பழைய குழாயைத் தூக்கி எறியும் முன் தலையைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் தடவை நான் மாட்டிய பித்தளைக் குழாய் அது. வாஷரின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், அதற்குள் கடுகளவு மணல் ஒன்று அழுந்திப் பதிந்திருந்தது. அந்தத் தடவை ஓட்டையைக் கழுவாமல் மாட்டியிருந்தேன்.